கரகரப் பெட்டி

இயேசு மரி சூசை துணை

பசுமலை,
10.4.1983

அன்புள்ள அத்தானுக்கு அற்புதமேரி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் மாமாவும் சுகம். அங்கே தாங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலுக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு, சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். தாங்கள் மஸ்கட் போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதம் ஈஸ்டர் முடிந்து கிடைத்தது. அது வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்த பிறகும் இறங்கவில்லை. முன்னது பயத்தில், பின்னது கோபத்தில்.

தங்கும் அறையைப் பற்றி இரண்டு வரி, சூப்பர்வைசரைப் பற்றி இரண்டு வரி. அதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறீர்கள்? கிட்டாரைத் தனிஸ்லாஸ் அண்ணனிடம் கொடுத்துவிடு, பெட்டியைக் குப்பையில் போடு, இனி எனக்கும் பாட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெட்டி எப்படிச் செத்தது என்பது வீட்டில் இருக்கிறவருக்குத் தெரியும் என்று கடைசியில் ஒரு வரி. அப்பா என்று எழுதக் கை வரவில்லையாக்கும்.

மாமாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது தாங்கள் அறிந்ததுதான். கடிதம் வந்தால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வரியை அவரிடம் எப்படி வாசிப்பேன்? அதை விழுங்கிவிட்டு, "அப்பாவின் கண் எப்படி இருக்கிறது, சொட்டு மருந்து விடுகிறாயா" என்று தாங்கள் கேட்டிருப்பதாக வாசித்தேன். நல்லாருக்குன்னு எழுதிரும்மா என்றார். எழுதிவிட்டேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். கிட்டார் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற அதைத் தாங்கள் ஃபஸ் என்றீர்கள், நானும் மாமாவும் கரகரப் பெட்டி என்றோம். பழைய ரேடியோவில் பிடுங்கிய டிரான்சிஸ்டர் இரண்டையும் இன்னும் என்னென்னவோ சாமான்களையும் சேர்த்து, மாதக்கணக்கில் ஈயம் வைத்து ஊதி ஊதிச் செய்தீர்கள். டப்பா கிடைக்கவில்லை என்று, தவக்காலத்துக்கு வீட்டுக்கு வீடு கொடுக்கிற தகர உண்டியலில் போன வருடத்தது ஒன்றைக் கோயிலில் கேட்டு வாங்கி வந்து கறுப்புப் பெயின்ட் அடித்தீர்கள். உண்டியலில் போய்ப் பாட்டா என்று நான் கேட்டதற்கு, சாமி காரியம்தான் என்று சிரித்தீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் அது முதன்முதலாகச் சத்தம் போட்டது. பட்டுச் சேலையைக் கிழித்த மாதிரி இருந்தது. தாங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. கிளம்புவதற்கு முன்னால் வாடிப்பட்டிப் பள்ளி ஆண்டு விழாவில் ஒருமுறை வாசித்துவிட்டால் போதும், அதை நினைத்துக்கொண்டே அங்கே காலத்தை ஓட்டிவிடுவேன் என்றீர்கள்.

மறுநாள் மேடையில் சுவிட்சை மிதித்தீர்கள், சத்தம் செத்துப் போனது. முன் வரிசையில் சிரித்தார்கள். அது எனக்கும்தான் வலித்தது. ஆனால் வீட்டுக்கு வந்து மாமாவிடம் கேட்டது நியாயமா? தவக்காலத்தில் பாட்டுக் கச்சேரி வேண்டாம் என்று அவர் சொன்னது உண்மை. அதற்காக வயரைப் பிடுங்கிப் போடுவாரா? பெட்டியைத் தொட்டீர்களா என்று கேட்டீர்கள். நா எதுக்குய்யா அதத் தொடுறேன் என்றார். படுக்க வைத்துவிட்டுப் போன பெட்டி காலையில் நட்டுக்க நிற்கிறது, முப்பது வருடம் ஊர் ஊராகப் பிரசங்கம் பண்ணின உபதேசியாரும் பொய் சொல்வாரா என்றீர்கள். அதோடு அவர் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை தாங்கள் பஸ் ஏறும்போது அவர் வரவும் இல்லை.

ஆகையால் நான் முடிவாகச் சொல்கிறேன். கிட்டாரைக் கொடுக்க மாட்டேன். தனிஸ்லாஸ் அண்ணன் வந்தார். லாசர் மாப்ள எழுதுனாப்லல்ல, குடுத்துரும்மா என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பெட்டியையும் போட மாட்டேன். தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். ஒரு மனிதர் மேல் பழி போட்டிருக்கிறீர்கள், அது நிஜமா இல்லையா என்று பெட்டியைத் திறந்து பார்த்தால்தானே தெரியும்? எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். நான் தையல் டீச்சர்தான், ஆனால் மிஷினைப் பிரித்து மாட்டுகிறவள்.

தங்கள் அன்பு மனைவி,
மேரி

இயேசு மரி சூசை துணை

பசுமலை,
29.5.1983

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். கடிதம் கிடைத்தது. கடிதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பேட்டரியைப் பார், சுவிட்சைப் பார், எந்த வயர் அறுந்திருக்கிறது என்று பார், தெரியவில்லை என்றால் விட்டுத் தொலை. இதற்கு ஏரோகிராம் எதற்கு, தந்தியே அடித்திருக்கலாம்.

மாமாவுக்கு வாசிக்க அதில் ஒன்றுமே இல்லை. கடிதம் வந்ததை அவர் தபால்காரரின் மணிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். நான் பேட்டரியையா வாசிப்பேன்? "அப்பா வெயிலில் கோயிலுக்கு நடக்க வேண்டாம், குடை பிடித்துக்கொண்டு போகச் சொல்" என்று வாசித்தேன். அன்றிலிருந்து குடையோடுதான் போகிறார். தாங்கள் சொல்லாத சொல்லுக்கு அவர் கீழ்ப்படிகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண் ஆஸ்பத்திரியில் ஜூன் கடைசியில் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு கண்ணுக்கு இப்போது, மற்றதுக்குப் பிறகு. பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். மாமா பயப்படவில்லை, பயமெல்லாம் எனக்குத்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் லீவு கேட்க வேண்டும். தண்ணீருக்கு அடிபம்பில் வரிசை நிற்கிறோம். மழை எட்டிப் பார்க்கவில்லை.

லீவுதானே என்று போன வாரம் பெட்டியை எடுத்து உட்கார்ந்தேன். தாங்கள் செய்கிற மாதிரியே கிட்டாரைப் பெட்டியில் சொருகி, பெட்டியிலிருந்து வருகிற வயரைப் பெரிய ரேடியோவின் பின்னால் இசைத்தட்டு மாட்டும் ஓட்டையில் சொருகினேன். சுவிட்சை மிதிக்காமல் கம்பியைத் தட்டினால் ரேடியோவில் கிட்டார் கேட்கிறது. மிதித்தால் ஒன்றும் இல்லை, இரைச்சல்கூட இல்லை. ஆக, சுவிட்ச் வேலை செய்கிறது, கிட்டார் வயரும் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? தப்பாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

பிறகு மிஷின் திருப்புளியால் பின் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரே இலவம்பஞ்சு. என் தலையணை ஏன் இளைத்துப் போனது என்று அப்போதுதான் தெரிந்தது. பஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்தால் அட்டையின் முகம் தெரிகிறது, டிரான்சிஸ்டரும் மற்ற சாமான்களும் வரிசையாக இருக்கின்றன. வயர் ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தேன், தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது போல. ஒன்றுகூட அறுபடவில்லை அத்தான். ஒன்றுகூடப் பிடுங்கப்படவும் இல்லை. இதை இரண்டு முறை வாசியுங்கள்.

பேட்டரியை நாக்கில் வைத்தேன், உப்புச் சப்பில்லை. டவுனுக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தேன். அது சுள்ளென்று இழுத்தது. நாக்கை நீட்டியதைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார், நான் என்ன செய்ய? வந்து மாட்டி மிதித்தேன். அப்போதும் ஊமைதான். சரி, இன்னும் ஏதோ இருக்கிறது என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டு வந்து பேட்டரியைத் தொட்டால், காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுடுகிறது. பயந்துபோய்க் கழற்றிவிட்டேன். மறுபடி நாக்கில் வைத்தால் பாதிச் சுள்கூட இல்லை.

தைக்கும்போது நூல் எங்கேயாவது சிக்கினால் மிஷின் கனக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படி உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டு இந்தப் பேட்டரியைக் குடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பேட்டரி ஏன் சுட்டது? தாங்கள் எலெக்ட்ரீஷியன், சொல்ல வேண்டியது தாங்கள்தான். மூன்று வரியில் அல்ல.

மாமா நான் மேசையில் என்ன செய்கிறேன் என்று கேட்டார். அத்தான் சாமான்களைத் துடைத்து வைக்கிறேன் என்றேன். நல்லா தொடச்சு வையி, அவன் வந்து கேப்பான் என்றார்.

என்றும் தங்கள்,
மேரி

இயேசு மரி சூசை துணை

பசுமலை,
24.7.1983

அன்புள்ள அத்தானுக்கு,

மாதா தங்களைக் காப்பாளாக. தங்கள் கடிதத்தைப் பிரித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு பக்கம். கல்யாணமான புதிதில் திருச்சிக்கு வேலைக்குப் போயிருந்தபோதுகூட எனக்கு ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் எழுதியதில்லை. பேட்டரி சுட்டது என்றதும் ஆளே மாறிவிட்டீர்கள். படம் போட்டு, அம்பு போட்டு, சிவப்பு மையில் வட்டம் போட்டு, எங்கோ தொடக் கூடாதது தொடுகிறது, கரண்ட் பெட்டிக்குள் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடுகிறது, அட்டையைக் கழற்றி ஈயம் வைத்த பக்கத்தைத் திருப்பிப் பார், ஊசி முனையால் கீறிச் சுத்தம் செய் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டோடு ஒட்டுமில்லை உறவுமில்லை என்றவர் எழுதிய கடிதம் மாதிரி இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஆறு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆபரேஷன் என்று நான் எழுதியிருந்தேனே, அதற்கு ஒரு வரி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஆபரேஷன் நல்லபடியாக நடக்க இங்கே நான் ஜெபம் செய்கிறேன் அப்பா" என்று வாசித்தேன். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்து முடிந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது கண்ணில் பச்சைத் துணி தொங்கவிட்டுக்கொண்டு உள்ளறையில் இருக்கிறார். குனியக் கூடாது, இருமக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அக்கா தினமும் கஞ்சி கொண்டுவந்து கொடுக்கிறார். அவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

நேற்று சனிக்கிழமை. தங்கள் படத்தை மேசையில் விரித்து வைத்து, அட்டையைப் பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றினேன். அட்டை வரவில்லை. ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. ஊக்கு நுனியை விட்டு நெம்பினேன். அட்டைக்கும் டப்பாவுக்கும் நடுவிலிருந்து ஒன்று நழுவி மேசையில் விழுந்து உருண்டது.

ஒரு ரூபாய்க் காசு.

ஒரு முகம் தகரத்தைத் தொட்டுக்கொண்டும், மறு முகம் ஈயப் பொட்டுகளைத் தொட்டுக்கொண்டும் அது ஆப்பு மாதிரி செருகிக்கொண்டிருந்தது. மறுபக்கம் பஞ்சு அடைத்திருந்ததால் குலுக்கினாலும் சத்தம் வரவில்லை. தாங்கள் சிவப்பு மையில் வட்டம் போட்ட அதே இடம்தான்.

காசு எப்படி வந்தது? டப்பாவின் மேல் விளிம்பில் காசு போடும் வாய் அப்படியே இருக்கிறது. பெயின்ட் அடிக்கும்போதே அதை அடைத்துவிடுங்கள் என்று சொன்னேன், காற்றோட்டமாக இருக்கட்டும் என்றீர்கள். நல்ல காற்றோட்டம்தான். சனிக்கிழமை அது சத்தம் போட்ட சந்தோஷத்தில், ராத்திரி முழுக்கத் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே இருக்கட்டும் என்று தாங்களே கொண்டுபோய் வைத்தீர்கள். இடம் போதவில்லை என்று அங்கே இருந்த இந்த வருடத்து உண்டியலை எடுத்து ஜன்னலில் வைத்ததும் தாங்கள்தான்.

உள்ளறைக்குப் போய், கஞ்சி கொடுக்கிற சாக்கில் மெதுவாகக் கேட்டேன். அத்தான் ஊருக்குப் போகிற சமயம் ஆண்டவருக்கு ஏதாவது நேர்ந்துகொண்டீர்களா மாமா என்றேன். கஞ்சியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு சொன்னார். வாடிப்பட்டிக்குப் போற அன்னிக்கு வெள்ளன, நீங்க எந்திரிக்க முந்தி, உண்டியல்ல ஒத்த ரூவா போட்டேன். எப்பயும் அஞ்சு காசுதான் போடுவேன். புள்ள கடல் தாண்டிப் போறான், அம்புட்டுத் தூரத்துக்கு அஞ்சு காசு எப்பிடிப் பத்தும்? உண்டியலு கீழ விழுந்து கெடந்துச்சு, நிமுத்தி வச்சுப் போட்டேன். உள்ள எறங்க மாட்டேனுருச்சு, வெரல வச்சு அமுக்கி விட்டேன்.

அத்தான், அவர் பொய் சொல்லவில்லை. அதத் தொடலை என்றாரே, அது சத்தியம். அவர் கைக்கு அது தங்கள் பெட்டியே இல்லை. இருட்டுக் கண்ணோடு தடவினார், வருடா வருடம் தொட்ட அதே டப்பா, அதே இடம், அதே வாய். படுத்துக் கிடந்த பெட்டி ஏன் நின்றது என்று கேட்டீர்களே, உண்டியல் விழுந்து கிடக்கக் கூடாது என்று நிமிர்த்தி வைத்த கை அது. தங்கள் பெட்டியை ஊமையாக்கியவர் அவர்தான். தாங்கள் சொன்னது சரி. அஞ்சு காசு போட்டிருந்தால் சிக்காமல் கீழே விழுந்திருக்கும், பெட்டி பிழைத்திருக்கும்.

பஸ்ஸுக்கு ஏன் வரவில்லை என்றும் கேட்டுவிட்டேன். கேட்டால்தான் எனக்கு ஆறும். எந்த பஸ்ஸு, எந்த ஜன்னலுன்னு எனக்குத் தெரியுமா, எதப் பாத்துக் கையாட்ட என்றார். வேறு ஒரு வார்த்தை தங்களைக் குறை சொல்லவில்லை. உபதேசியாரும் பொய் சொல்வாரா என்று தாங்கள் கேட்டது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதையும் அவர் சொல்லவில்லை.

காசு எங்கே இருந்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மகனின் பாட்டைத் தான்தான் நிறுத்தினோம் என்று இந்த நிலைமையில் அவருக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? அழக் கூடாது என்று வேறு டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள்.

அழுது முடித்துவிட்டு வந்து, அட்டையைத் திருகி, புதுப் பேட்டரி போட்டேன். ஐந்து நிமிடம் கையை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. ரேடியோவைப் போட்டு, சுவிட்சை மிதித்து, எனக்கு வேறென்ன தெரியும், தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன்.

வந்தது அத்தான். அதே பட்டுச் சேலை கிழிகிற சத்தம். ரேடியோவின் முகப்பு வலை அதிர்ந்தது. செல்லத்தாய் அக்கா வீட்டு எருமை கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியதாகப் பிறகு சண்டைக்கு வந்தார், அது வேறு கதை. நான் இன்னொரு தட்டுத் தட்டப் போகும்போது உள்ளறையில் கட்டில் கிரீச்சென்றது. எழுந்திருக்கக் கூடாத மனிதர் சுவரைத் தடவிக்கொண்டு வாசல் நிலைக்கு வந்து நிற்கிறார். லாசரு வந்துட்டானா என்று கேட்டார்.

இல்லை மாமா, நான்தான் என்றேன். ஓ என்றார். பிறகு, நல்லாத்தான் இருக்கு, இன்னொருக்க அடி என்றார். கரகரப் பெட்டி என்று கேலி செய்த மனிதர். நான் அடித்தேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

இனி நான் கேட்கப் போவதைக் கோபிக்காமல் கேளுங்கள். அடுத்த மாதக் கடைசியில் மாமாவுக்குக் கண்ணாடி கொடுப்பார்கள். போட்டுக்கொண்டால் எழுத்து வாசிக்கலாமாம். நேற்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, அவன் எழுதுன கடுதாசியெல்லாம் எடுத்து வையி, கண்ணாடி வந்ததும் மொத மொத அவன் எழுத்த நானே வாசிக்கணும் என்றார். கண் எப்படி இருக்கிறது என்று கேட்டானே, குடை பிடிக்கச் சொன்னானே என்று அவர் தேடப் போகிற வரி ஒன்றுகூட அவற்றில் இல்லை. இருப்பது என்ன என்று தங்களுக்கே தெரியும். ஒரு கடிதம் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். எல்லாமும் தொலைந்தது என்று உபதேசியாரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

தங்கள் முதல் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அந்த வரி இனி இந்த வீட்டில் இல்லை. தாங்களும் அதை எழுதியதாக நினைக்க வேண்டாம்.

அந்த ரூபாயைத் திரு இருதயப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். உண்டியலில் போடப் போனேன், மனம் வரவில்லை. மகன் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும் என்று அவர் போட்ட காசு, இத்தனை நாளும் தங்கள் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. லீவு கிடைத்து வரும்போது தாங்களே கோயிலில் கொண்டுபோய்ப் போடுங்கள். கிட்டாருக்கு உறை தைத்துப் போட்டிருக்கிறேன். தனிஸ்லாஸ் அண்ணனிடம் லாசரே வந்து வாசிப்பார் என்று சொல்லிவிட்டேன்.

மாமா பெயருக்கே தனியாக ஒரு கடிதம் போடுங்கள். ஆபரேஷன் ஆன கண், பெரிய எழுத்தாக, கறுப்பு மையில் எழுதுங்கள். என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் நான் வாசித்தவற்றையே எழுதுங்கள். அப்பா, கண் எப்படி இருக்கிறது. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போங்கள். உங்களுக்காக ஜெபம் செய்கிறேன். இவ்வளவுதான். எல்லாம் அவருக்கு மனப்பாடம். தங்கள் கையெழுத்தில் பார்க்க வேண்டும், அவ்வளவே அவர் கேட்கிறார்.

கண்ணாடிக்கு முன்னால் அது வந்து சேரட்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். இந்த ஒரு கடிதத்தை மட்டும் நான் வாசிக்காமல், அவரே வாசிக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆண்டவர் தங்களுக்குத் துணை இருப்பாராக.

தங்கள்,
மேரி